ஐந்து முறை

சூட்டுக்குழலால் இளக்கி இளக்கிக்
கதவைச் சுரண்டிக்கொண்டிருக்கிறேன்.
முதலில் வருவது சாம்பல்,
விற்பதற்கென்று தூசிமேலேயே அவசரமாய் அடித்தது.
அதற்கடியில் பழுப்பு. அதற்கும் அடியில்
ஆஸ்பத்திரிப் பச்சை.
வெர்டீன் கேஸ்கின்ஸ் வாங்கியது அது,
கப்பல் பட்டறையில் மிஞ்சிய டப்பாக்கள், பாதி விலைக்கு.
பச்சையில் ஒரு விரல் ரேகை,
காய்வதற்குள் யாரோ தொட்டிருக்கிறார்கள்.
காயும்வரை ஒதுங்கி நிற்க
அன்று இந்த வீட்டில் இடம் ஏது?

பால்டிமோர், கார்வில் தெரு, எண் நாற்பத்தொன்று.
மூன்று மாடி, பதினாலடி அகலம்,
வாசலில் மூன்று பளிங்குப் படி.
"ஆயிரத்தெண்ணூற்று எண்பத்தேழுக்குத் திரும்பணும்"
என்கிறாள் வாங்கிய கிர்ஸ்டன் வால்,
பஸ்ஸில் டிக்கெட் கேட்பதுபோல.
மணிக்கு முப்பத்திரண்டு டாலர்.
எந்த வருஷத்துக்கும் கூட்டிப்போவேன்.

நல்லவள்தான், சொல்லிவிட வேண்டும்.
காபி போட்டால் எனக்கும் ஒரு கோப்பை வரும்.
பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கிறது என்று
விலையுயர்ந்த முகமூடி வாங்கித் தந்தாள்.
இதே தூசியைத்தான் மாடி ஜன்னல் விளிம்பில்
ருசித்து ருசித்து நக்கினான் என் தம்பி ரூஃபஸ்.
தித்திக்கும் என்பான்.
ஒன்பது வயதுவரை அவனுக்கு
எழுத்துக் கூட்ட வரவில்லை.

அறைக் கதவுகளில் பூட்டுத் துளைகள்.
ஒரு குடும்பம் வாழும் வீட்டில்
அறைக்கறை பூட்டு எதற்கு என்றாள்.
மக்கு குழைத்து அடைத்தேன்.
தேய்த்து வழவழப்பாக்கி
வார்னிஷ் பூசியபின்
எனக்கே இடம் தெரியவில்லை.

எதிர்வீட்டில் லெமுவல் பர்னெல்.
பதினோரு வீடு பலகையடித்துக் கிடந்த காலத்தில்
விடியவிடிய வாசல்விளக்கை எரியவிட்டவர்.
அந்தக் கரன்ட் பில்லுக்கு வரிச்சலுகை கிடையாது.
போன வாரம் அவருக்கு ஒரு கடிதம்:
உங்கள் அலுமினியக் கதவு
இவ்வட்டாரத்தின் வரலாற்றுக்குப் பொருந்தவில்லை,
முப்பது நாளில் மாற்றவும்.
"அதுக்கு நாற்பத்து மூணு வயசு" என்கிறார்,
"இன்னும் ஏழு வருஷம் விட்டால் அதுவும் வரலாறு."
சிரித்தார். பிறகு அந்தக் கதவையே சாத்திக்கொண்டு
உள்ளே போய்விட்டார்.

நேற்று நடையில் சுவர்க்காகிதம் உரித்தபோது
அடியில் பென்சில் எழுத்து.
கேஸ்கின்ஸ் ஒரு மணி.
டில்மன் இரண்டு.
திருமதி ஸ்பிரிக்ஸ் மூன்று, பலமாக.
லானி நான்கு, பகலில் அடிக்காதே.
பிங்க்னி ஐந்து.

தொடாதே தொடாதே என்று
மேலிருந்து ஓடிவந்தாள் கிர்ஸ்டன்.
இதற்குமேல் கண்ணாடி போடலாம்,
சின்னதாய் ஒரு விளக்கும் வைக்கலாம்,
வருகிறவர்கள் பார்த்து அசந்துபோவார்கள்.
"இவர்களெல்லாம் யாராக இருக்கும், ஓடெல்?"

என் ரசீதில் கம்பெனி பெயர் மட்டும்தான்.
யாரோ வாடகைக்காரர்கள், என்றேன்.
ஏன் அப்படிச் சொன்னேன் என்று
வண்டியில் போகும்போது யோசித்தேன்.
பிறகு சிக்னல் விழுந்தது.

கண்ணாடி மாட்டியாயிற்று. விளக்கும்.
கடைசிச் செக்கை வாங்க இன்று போனேன்.
புது மணி, நடுவில் ஒரு கேமராக் கண்.
விரல் தானாக அழுத்தியது,
ஒன்று இரண்டு மூன்று நான்கு ஐந்து.
மூன்றாம் மாடியிலிருந்து அம்மா இறங்கிவர
முப்பத்தொரு படி.
எண்ணிக்கொண்டு நின்றேன்.
பன்னிரண்டிலேயே கதவு திறந்துகொண்டது.

"ஒருதரம் அழுத்தினாலே
என் போனில் கேட்குமே" என்றாள்.